‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்: வடசென்னை ஓ.பி. அறைகளுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையின் அரசு மருத்துவமனைகளிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தெருமுனை கிளினிக்குகளிலும் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு வாக்கியத்தை உங்கள் அறைகளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். “ரிப்போர்ட் நார்மல்மா, உனக்கு ஒண்ணுமில்ல.”

இதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் கடைசியில் வந்து சேர்கிறார்கள். காசிமேட்டில் விடியுமுன் ஐஸ் போட்ட மீன்கூடையைத் தலையில் ஏற்றுகிற அக்கா. துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் கிடக்கும் ட்ரெய்லரின் டிரைவர். எம்.சி. ரோடு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஸ்டூல் வந்திருக்கிறது, அதில் உட்காரும் தைரியம்தான் இன்னும் வரவில்லை என்கிறார்கள் அந்தப் பெண்கள்.) கேரி பேக்கில் ஸ்கேன் கவரும் மாத்திரை அட்டைகளுமாக வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “வலி எப்போ போகும்” என்பதில்லை. “அப்போ நான் இன்னா, பொய்யா சொல்றேன்?”

உங்கள் அறை வாசலில் ஓ.பி. சீட்டோடு நிற்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. கூடுதல் நேரம் கேட்டு எழுதவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லப்படுவதை மாற்றினால் போதும். ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கான காரணம் நீங்கள் முதலாம் ஆண்டு உடலியங்கியலில் படித்ததுதான். உங்களிடம் வந்து திரும்பியவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலிலும் தசையிலும் மூட்டிலும் குடலிலும் போய் முடிகிற மெல்லிய நரம்பு நுனிகளில் வலி என்று ஒன்றும் கிடையாது. சூடு, நசுக்கல், அமிலம், சிதைந்த செல்லிலிருந்து கசிவது என்று ஆபத்தின் அடையாளங்களை அவை மின்துடிப்பாக மாற்றி மேலே அனுப்புகின்றன, அவ்வளவுதான். இந்த வேலைக்கு நோசிசெப்ஷன் என்று 1906-ல் தனிப்பெயர் கொடுத்து வலியிலிருந்து பிரித்து வைத்தவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். அந்த நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது விழித்துக்கொள்ளும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலும் அதே புரதம் அதே மாதிரி விழிக்கும். 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு, அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. கல்யாண மண்டபத்தில் கூடை கூடையாக மிளகாய் கிள்ளிவிட்டு வரும் சமையல்காரம்மாவின் கை ராத்திரி முழுக்க எரிகிறது. தோலில் சூடு ஏறவில்லை, கொப்புளம் இல்லை. எந்த ஸ்கேனிலும் அது தெரியாது. அவரிடம் யாரும் “உனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்வதில்லை, இல்லையா?

அடிபட்டு வீங்கிய இடத்தில் இந்தப் புரதம் விழித்துக்கொள்ளும் சூடு இன்னும் கீழே இறங்கிவிடும். வெயிலில் தோல் கன்றிப்போனவருக்கு வெதுவெதுப்பான தண்ணீரே கொதிநீராகத் தெரிவது அதனால்தான். அப்படி நுனிகளைக் கூராக்கிவிடும் பொருள்களில் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அது உருவாவதையே தடுக்கின்றன என்று 1971-ல் காட்டியவர் ஜான் வேன். நம் ஊரில் ‘வலி ஊசி’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக்கும் இந்தக் குடும்பம்தான். வீக்கமும் அழற்சியும் இருக்கிற வலிக்கு அது கேட்கும். மற்ற வலிக்கு அது பெரும்பாலும் கேட்காது. சிறுநீரகத்தையும் வயிற்றையும் மட்டும் பதம் பார்க்கும். மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கியவர்களை நீங்களும் டயாலிசிஸ் வார்டில் பார்த்திருப்பீர்கள். இதில் பழியை நோயாளி மேல் போடுவது எனக்கு ஒப்பாது. “ஒண்ணுமில்ல” என்று அனுப்பப்பட்டவர் வேறு எங்கே போவார்?

கால் கட்டை விரலை எதிலாவது இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒன்று, கொஞ்சம் தாமதித்து மெதுவாக ஏறும் கடுப்பு ஒன்று என இரண்டு வலி வரும். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய ஏ-டெல்டா நரம்பு நார்களில் துடிப்பு நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும்; உறையில்லாத சி நார்களில் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. இரண்டும் முதுகுத் தண்டுவடத்தின் பின்பக்கப் பகுதியான பின்கொம்பில் வந்து சேர்கின்றன. விஷயம் சூடு பிடிப்பது அங்கேதான்.

அந்த இடம் வந்ததை அப்படியே மேலே தள்ளிவிடுவதில்லை. தோலிலிருந்து வருவதும் உள்ளுறுப்பிலிருந்து வருவதும் பல நேரம் ஒரே நரம்பணுவின் மேல் போய் விழுகின்றன. இதயத்திலிருந்து புறப்பட்ட துடிப்பு, இடது கையையும் நெஞ்சையும் கவனிக்கும் அதே தண்டுவடப் பகுதிக்குள் நுழைவதால், மூளை அதைக் கை வலி என்றோ தாடை வலி என்றோ படித்துவிடும். குடல்வால் அழற்சியின் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்குமுன் முதலில் தொப்புளைச் சுற்றி வருவதும் இதே கணக்கில்தான். நம் வீடுகளில் இதற்கெல்லாம் ‘கேஸ்’ என்று ஒரே பெயர் வைத்து, சோடாவைக் குடித்துவிட்டுப் படுக்கிறோம். அதிலும் வெகுநாளாகச் சர்க்கரை உள்ளவருக்கு உள்ளுறுப்பு நரம்புகளே பழுதாகியிருந்தால் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரும். வேர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் இருக்கும். வலியின் இடமும் அளவும் நோயின் இடத்தையும் அளவையும் அப்படியே பிரதியெடுப்பதில்லை என்பதை, உயிர் போகும் நிலைமையில் நீங்கள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறீர்கள். முதுகுவலிக்காரர் வரும்போது மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

தண்டுவடத்தில் எதிர்ப்பக்கம் கடந்து, தலாமஸ் வழியாகத் துடிப்புகள் மூளைக்குள் பல இடங்களுக்குப் பிரிகின்றன. எங்கே, எவ்வளவு என்று பார்க்க உடலுணர்ச்சிப் புறணி. இது எவ்வளவு வேதனை, என்ன செய்வது என்று பார்க்க இன்சுலா, சிங்குலேட் பகுதிகள். வலிக்கென்று ஒரே மையம் மூளையில் கிடையாது. அச்சம், நினைவு, தூக்கம், நாளைக்குக் கூலி கிடைக்குமா என்ற கவலை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன. மருத்துவர் முகம் கொடுத்துப் பேசினாரா என்பதும் சேர்கிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையில், வலி என்பது உணர்ச்சியும் மனமும் கலந்த அனுபவம் என்றும், திசுச் சேதம் இருக்கும்போதும் வரலாம், சேதம் இருப்பதுபோன்றே தோன்றும்போதும் வரலாம் என்றும் சொல்கிறது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று அதன் குறிப்புகளிலேயே இருக்கிறது.

மேலிருந்து கீழே வரும் பாதையைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும். அதில்தான் உங்கள் வாய்ச்சொல் வேலை செய்கிறது.

இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் காயம்பட்டவர்களைப் பார்த்த ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் 1946-ல் எழுதியது இது: கடுமையாகக் காயம்பட்ட வீரர்களிடம் கேட்டபோது, நான்கில் ஒருவர்தான் மருந்து வேண்டும் அளவுக்கு வலிக்கிறது என்றார். போர்முனையை விட்டு உயிரோடு வெளியேறிவிட்டோம் என்ற எண்ணம் அந்த வலியை அமுக்கியது என்று அவர் நினைத்தார். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பாக்ஸிங் பழகிய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மணி அடித்து ரிங்கை விட்டு இறங்கிய பிறகுதான் விரல் உடைந்ததே தெரியும் என்பார்கள். 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ‘கேட் கன்ட்ரோல்’ என்னும் வாயிற்கதவுக் கொள்கையை எழுதினார்கள்: தண்டுவடத்தில் வலித் துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த நார்களும் அதை அமுக்கும், மூளையும் அமுக்கும் என்று. இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு விடை அங்கே கிடைத்தது. அவர்கள் வரைந்த நரம்புப் படத்தில் பின்னால் திருத்தங்கள் வந்தன, அடிப்படை நிலைத்துவிட்டது. 1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் நடுமூளைச் சாம்பல் பகுதியில் மின்தூண்டல் கொடுத்து, மயக்கமருந்து இல்லாமலே வயிற்றைத் திறந்து அறுவை செய்தார். 1975-ல் ஆபர்டீனில் ஹ்யூஸும் காஸ்டர்லிட்சும் மூளையே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருளை, என்கெஃபாலினை, பிரித்தெடுத்தார்கள்.

1978-ல் நடந்த சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் உப்புநீரை வலிமருந்து என்று கொடுத்தால் ஒரு பகுதியினருக்கு வலி குறைகிறது. அதுவரை அதைக் கற்பனை என்று தள்ளினார்கள். லெவினும் கோர்டனும் ஃபீல்ட்ஸும், மார்ஃபினை முறிக்கும் நலாக்ஸோனைக் கொடுத்தார்கள். குறைந்த வலி திரும்ப ஏறியது. அப்படியென்றால் நம்பிக்கை மூளைக்குள் நிஜமான மருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது. 2011-ல் ஊல்ரிக்கே பிங்கல் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ரெமிஃபெண்டானில் என்ற வீரியமான வலிமருந்து உடலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, “இப்போது மருந்து போகிறது” என்று சொன்னால் அதன் பலன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. “மருந்தை நிறுத்திவிட்டோம், வலி கூடலாம்” என்று சொன்னதும், மருந்து அதே அளவில் ஓடிக்கொண்டிருந்தும் பலன் மொத்தமாக அழிந்தது.

பிரசவ அறையில் வேலை செய்யும் செவிலியர்களுக்கு இன்னொன்று. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகில் மரப்பு ஊசி போடுமுன் ஒரு பகுதிப் பெண்களிடம் “பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும், இதுதான் ரொம்ப மோசமான கட்டம்” என்றார்கள். மற்றவர்களிடம் “அந்த இடம் மரத்துப்போக ஊசி போடுகிறோம், அப்புறம் சௌகரியமாக இருக்கும்” என்றார்கள். ஊசி ஒன்றுதான், தேனீ என்று கேட்டவர்களுக்கு வலி கூடுதலாக இருந்தது. “படுக்கும்போது தெரியலியா, இப்போ கத்துற” என்ற வசவு எந்தெந்தப் பிரசவ அறையில் கேட்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. அது கண்ணியக் குறைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். நரம்பியல் கணக்கில் அது வலியைக் கூட்டும் மருந்து.

ஆக “ஒண்ணுமில்ல” என்ற சொல்லும் சும்மா போவதில்லை. கேட்டவர் நம்பினால் தன்னையே சந்தேகிப்பார். நம்பாவிட்டால், பெரிதாக ஏதோ இருக்கிறது, இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று பயந்து அடுத்த ஸ்கேனுக்குக் கடன் வாங்குவார். இரண்டிலும் வலி கூடும்.

அந்த ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு வட்டில் (டிஸ்க்) தேய்மானமும் 60 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கமும் இருந்தன. அவர்கள் யாருக்கும் முதுகு வலிக்கவில்லை. ஆக, “நார்மல், ஒண்ணுமில்ல” எவ்வளவு தவறோ, “டிஸ்க் போயிடுச்சு, தண்டுவடம் தேஞ்சிடுச்சு, இனிமே குனியாத, தூக்காத” என்பதும் அவ்வளவு தவறு. இரண்டாவது வாக்கியம் காசிமேட்டு அக்காவின் பிழைப்பைப் பிடுங்கிவிடுகிறது. அவர் பயந்து படுக்கிறார், தசை வலுவிழக்கிறது, சும்மா எழுந்தாலே வலிக்கிறது. மாதங்கள் கழித்து எங்களிடம் வரும்போது முதுகை விட பயத்துக்குத்தான் நாங்கள் அதிகம் வைத்தியம் பார்க்கிறோம்.

அதற்காக எல்லா முதுகுவலியையும் பயம் என்று எழுதிவிடச் சொல்லவில்லை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனது, தொடையிடுக்கு மரத்தது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, பழைய புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பார்க்க வேண்டும். நம் பகுதியில் எலும்புக் காசநோயையும் மறக்கக் கூடாது. இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

காரணம் ஆறிய பிறகும் வலி ஆறாமல் போவது எப்படி? தண்டுவட நரம்பணுக்களுக்குத் தொடர்ந்து துடிப்பு வந்துகொண்டே இருந்தால், அவை கூர்மையாகி, சாதாரணத் தொடுதலுக்கும் வலிச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடும். 1983-ல் கிளிஃபோர்ட் வுல்ஃப் இதைக் காட்டினார். ஆடி மாதக் கூழ்வார்ப்பில் மைக் செட்டின் ஒலியை ஏற்றிவிட்டால், யாரும் பேசாமலே ஸ்பீக்கர் ‘கீ’ என்று கத்துமே, அந்த மாதிரி. பேச்சாளரின் தொண்டையைச் சோதித்துப் பயனில்லை. ஆம்ப்ளிஃபயரைத்தான் பார்க்க வேண்டும். 2006-ல் சிக்குன்குனியா வந்த காலத்தை இங்கே பெரியவர்கள் மறக்கவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூட்டு வலி சிலருக்கு வருஷக்கணக்கில் போகவில்லை. மூட்டில் நீடிக்கும் அழற்சியும் உண்டு, கூர்ந்துவிட்ட நரம்பும் உண்டு. எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கும்.

தூக்கம் கெட்டால் இந்தக் கூர்மை ஏறும். நைட் ஷிப்ட் காவலாளிகளிடம் இதைத் தினமும் பார்க்கிறேன். மெல்ல மெல்லக் கூட்டிச் செல்லும் நடையும் பயிற்சியும் அதை இறக்கும். பிசியோதெரபி என்றால் லைட் வைப்பதும் கரன்ட் வைப்பதும் என்று நினைத்து, எல்லாம் முயன்று முடித்த பிறகு எங்களிடம் அனுப்பாதீர்கள். முதல் மாதத்திலேயே அனுப்புங்கள்.

இனி, நரம்பே அடிபட்ட வலி. “ராத்திரி பாதம் எரியுது டாக்டர், எறும்பு ஊறுது, ஆனா செருப்பு கழண்டு போறது தெரியல” என்று சர்க்கரை உள்ளவர் சொல்லும்போது சிலர் சிரிக்கிறார்கள், எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் எப்படி என்று. பழுதான நரம்பு வெளிச்செய்தியை எடுத்துவர முடியாது. தானாகவே துடிப்பை உண்டாக்க மட்டும் முடியும். அதனால் இரண்டும் ஒன்றாக இருக்கும். உணர்வு செத்த பாதம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு, 2006-ல் பாகிஸ்தான் குடும்பங்களில் கண்டறியப்பட்ட மரபுக் குறை ஓர் உதாரணம்: நரம்புக்குள் சோடியத்தை விடும் ஒரு புரதம் வேலை செய்யாததால் பிறவியிலேயே வலி தெரியாத பிள்ளைகள், உதடும் நாக்கும் கடிபட்டு, எலும்பு முறிந்ததே தெரியாமல் வளர்ந்தார்கள். அதில் தெருவில் கத்தி குத்தி வித்தை காட்டிய ஒரு சிறுவன், வீட்டுக் கூரையிலிருந்து குதித்துப் பதினாலு வயது முடியுமுன் இறந்துபோனான். சர்க்கரை நோயாளியின் பாதத்தைக் குனிந்து பார்க்க நேரமில்லை என்றால் செருப்பைக் கழற்றச் சொல்லிச் செவிலியரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கியும் இதே கூட்டம். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வரும் பெரியவர்களை நான் திட்டுவதில்லை. எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தும் தொடங்கியிருக்க வேண்டும். கொப்புளம் காய்ந்த பிறகும் சட்டை உரசினாலே தீப்பிடிக்கிற வலி சிலருக்குத் தங்கிவிடும். “அதான் ஆறிடுச்சே” என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.

இவ்வகை வலிக்கு வலி ஊசி பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின் 10 அல்லது 25 மில்லிகிராம், டுலாக்ஸெடின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவைதான் கேட்கும். முதல் இரண்டும் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் அமுக்குப் பாதையைப் பலப்படுத்துகின்றன. பின்னிரண்டும் தண்டுவடத்தில் செய்திப் பொருள் வெளியாவதைக் குறைக்கின்றன. நீங்கள் சரியாகத்தான் எழுதிக் கொடுக்கிறீர்கள். ஆனால் மருந்துச் சன்னலில் “இது டிப்ரஷன் மாத்திரை” என்று ஒரு குரல் கேட்டதும் பாதிப் பேர் அட்டையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அமிட்ரிப்டிலினை மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைப்போல் பல மடங்கு என்று அவர்களுக்கு யார் சொல்வது? மருந்தாளுநர்களே, “நரம்பு வலிக்கு, ராத்திரி ஒண்ணு, ரெண்டு வாரம் பொறுங்க, வாய் வறளும், தூக்கம் வரும்” என்று மட்டும் சொல்லுங்கள். அவர்களை நம்பி விழுங்க வைக்க என்னால் முடியாது, உங்களால்தான் முடியும்.

ஸ்டான்லியில் படித்து வெளிவந்தவர்களும் வேலை செய்கிறவர்களும் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று இங்கே ஆயாக்கள் இன்னும் சொல்லும் அதே இடத்தில் எம்.பி.பி.எஸ். படித்தவர்தான் வி.எஸ். ராமச்சந்திரன். கை வெட்டுண்டவரின் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுவதாக அவர் உணர்வதை 1992-ல் எழுதினார். மூளையின் உடல்வரைபடத்தில் கையின் பக்கத்து இடம் முகம். இல்லாத கை முறுக்கிக்கொண்டு வலிப்பவருக்கு, இருக்கிற கையைக் கண்ணாடியில் காட்டி, மூளைக்கு இரண்டு கையும் இருப்பதாகத் தோன்றச் செய்தார். எல்லாருக்கும் கேட்பதில்லை, கேட்கிறவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்களும், ரயில் தண்டவாளத்தில் கால் போனவர்களும் நம் பகுதியில் குறைவில்லை. கை அறுவையில் நாடறிந்த மருத்துவமனை நம் வாசலில் இருக்கிறது. கண்ணாடிக்கு ஆகும் செலவோ ஒரு எம்.ஆர்.ஐ. கட்டணத்தில் நூறில் சில பங்கு. சின்ன மருத்துவமனைகளிலும் அதை ஒரு மூலையில் வைக்க யாருடைய கையெழுத்து வேண்டும் என்று சொன்னால், நானே போய் நிற்கிறேன்.

புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980-கள் வரை மயக்கமருந்து சரியாகக் கொடுக்காமலே அறுவை செய்தார்கள் உலகமெங்கும். அது தவறு என்று 1987-ல் நிறுவியதில் இந்தியரான கன்வல்ஜித் ஆனந்துக்குப் பெரிய பங்குண்டு. தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது ஊசி போட்டால் வலி குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்தது. இதற்குச் செலவே இல்லை.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தனியாக இரண்டு கோரிக்கை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கு வரும் என்று சேர்த்தீர்கள், மனமாரப் பாராட்டினேன். கொருக்குப்பேட்டையின் குறுகிய மாடிப்படி ஏறி வரும் தன்னார்வலர் அக்காவிடம் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: எங்கே வலிக்கிறது, எந்த மாதிரி, அதனால் எந்த வேலை நின்றுபோனது? பத்துக்கு எத்தனை என்று எண் கேட்டால் நம் ஆட்கள் “பத்துக்குப் பதினஞ்சு” என்பார்கள். எரிச்சலா, குடைச்சலா, கரன்ட் அடிக்கிற மாதிரியா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். நரம்பு வலியா தசை வலியா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஓ.பி. சீட்டிலும் அதை ஒரு வரியில் எழுதுங்கள்.

இரண்டாவது, மார்ஃபின். புற்றுநோய் முற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் அலறலைத் தெருவே கேட்டுக்கொண்டிருப்பதை இந்தப் பகுதியில் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அபினி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் மருத்துவமனைகள் மார்ஃபினைத் தொடவே அஞ்சின. 2014-ல் திருத்தம் செய்து வழியைத் திறந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் வீடு வீடாகப் போய், 2008-ல் அரசுக் கொள்கையாகவே ஆனது. அமெரிக்காவில் மார்ஃபின் வகையான ஓபியாய்டு மாத்திரையை முதுகுவலிக்கெல்லாம் தாராளமாக எழுதி ஊரையே அடிமையாக்கினார்கள். அந்தப் பயம் நியாயமானது, நாள்பட்ட முதுகுவலிக்கு நானே அதைக் கேட்கமாட்டேன். ஆனால் கடைசி மாதங்களில் இருப்பவருக்கு அந்தப் பயத்தைக் காட்டி மறுப்பது கொடுமை. ஊரின் வடக்கிலிருந்து, உட்காரவே முடியாத ஒருவரை ஆட்டோவில் போட்டுத் தெற்கே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை தூக்கிப்போகச் சொல்லாதீர்கள்.

வடசென்னையின் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு வாய்வழி மார்ஃபின் கிடைக்கும், நோயாளி வராமல் வீட்டார் மட்டும் வந்தால் என்ன சீட்டு கொண்டுவர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் ஒட்டுங்கள். பலகை தயாரானதும் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் ஒட்டித்தர எங்கள் பிசியோதெரபி நண்பர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
வண்ணாரப்பேட்டையில் வேலை செய்யும் ஒரு பிசியோதெரபிஸ்ட்